சேவலுக்குக் கீழே ஒரு டீ

ஒரு மனிதர் டீயை வேகமாகக் குடித்தால் அதற்கு என்ன அர்த்தம்?

அவசரமாக இருந்திருக்கலாம். டீ ஆறிப்போயிருக்கலாம். சகிக்க முடியாத டீயாக இருந்து, சீக்கிரம் தொலைத்துவிட நினைத்திருக்கலாம். அல்லது தன் கையால் மாட்டிய போர்டுக்குக் கீழே நிற்க அவருக்கே தைரியம் இல்லாமல் இருந்திருக்கலாம். இந்த நான்கில் எது சரி என்று எனக்கு இன்று வரை தெரியாது. தெரியாமலேயே ஒரு மனிதரின் மானத்தை நடுரோட்டில் இறக்கி வைத்தேன்.

நம் விளக்கு போர்டு தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு அனுபவங்களை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். இதெல்லாம் ஓய்வு பெற்றவர்கள் எழுத வேண்டியது. நான் ஓய்வு பெற்றவள் அல்ல, ஒரு பையனைப் பெற்றவள். அதனால் வேலையை விட்டவள். ஓய்வு என்றால் என்ன என்பதே மறந்துவிட்டது. இதைக்கூட அவன் தூங்கும் நேரத்தில்தான் எழுதுகிறேன். நடுவில் வாக்கியம் எங்கேயாவது அறுந்திருந்தால் அவன் எழுந்துவிட்டான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கள்ளக்குறிச்சிக்கு விளக்கு போர்டு எப்படி வந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கும் அளவுக்கு அது ஒழுங்காக எரியவும் இல்லை. முதலில் வந்தது ட்யூப் லைட் பெட்டி. தகரப் பெட்டிக்குள் ட்யூப் லைட், முன்னால் பெயிண்டில் எழுதிய பிளாஸ்டிக் ஷீட். கொஞ்ச நாளில் உள்ளே பூச்சிகள் செத்துக் குவிந்து, கடைப் பெயரைவிடப் பூச்சிகள்தான் பளிச்சென்று தெரியும். பிறகு வந்தது நிஜமான நியான். கண்ணாடிக் குழாயைத் தீயில் வளைத்து, உள்ளே வாயு அடைத்து, பெரிய டிரான்ஸ்பார்மரில் கொடுத்தால் ரத்தச் சிவப்பில் எரியுமே, அது. இப்போது நீங்கள் கேக் கடைச் சுவரில் பிளாஸ்டிக் புல்லை ஒட்டி, அதன்மேல் வளைத்து வளைத்து மாட்டுகிறீர்களே, அது ரப்பருக்குள் எல்இடி. அதையும் நியான் என்றுதான் விற்கிறோம். விற்றுவிட்டுப் போங்கள். நானும் விற்றிருக்கிறேன்.

கண்ணாடி நியான் நம் ஊரில் சில இடங்களில்தான் இருந்தது. ஒரு தியேட்டர், ஒரு நகைக்கடை, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜ். லாட்ஜின் பெயரில் பாதி எழுத்துகள் எப்போதும் எரியாது. எரிந்த பாதியையே ஊர் அதற்குப் பெயராக வைத்துக்கொண்டது. நாலாவதுதான் கச்சிராயபாளையம் ரோட்டில் இருந்த சேவல்.

அது ஒரு அசைவ ஓட்டல். முதல் மாடி உயரத்தில், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சிவப்புச் சேவல். தலை நிமிர்ந்த குழாய் ஒன்று, தலை குனிந்த குழாய் ஒன்று. மாறி மாறி எரிந்தால் சேவல் கொத்துவதுபோல் இருக்கும். ஓட்டலின் பெயர் வேறு என்னவோ. யாருக்கும் தெரியாது. கல்வராயன் மலைக்குப் போகும் பஸ் அதன் கீழேதான் நிற்கும் என்பதால் அந்த நிறுத்தமே சேவல் ஸ்டாப்பிங் ஆனது. மலையிலிருந்து புளியும் பலாப்பழமும் கொண்டுவருகிறவர்கள் கண்டக்டரிடம் "சேவலு ஒண்ணு" என்றுதான் டிக்கெட் கேட்பார்கள். ஒரு தேர்தலில் சேவலே ஒரு சின்னமாகிவிட, அதிகாரிகள் வந்து அதற்குக் கோணிப்பை மாட்டினார்களாம். உள்ளே விளக்கை அணைக்க மறந்துவிட்டார்கள். கோணிக்குள்ளிருந்து சேவல் கொத்திக்கொண்டே இருந்திருக்கிறது. தடை செய்த பிறகுதான் அதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது என்பார்கள்.

அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்தது. தலைவர்கள், மணமக்கள், காதுகுத்து எல்லாம் ராட்சச முகங்களாக ரோட்டை மறைத்தார்கள். நியான்கள் இறங்கின. சேவலில் குனிந்த தலை மட்டும் கொஞ்ச காலம் எரிந்தது. சேவல் நிமிராமலே நின்றது. பிறகு அதுவும் அணைந்தது. அதன் பிறகு ஊர் மாவட்டத் தலைநகரானது. தெருவுக்குத் தெரு எல்இடி. செல்போன் கடை, ஸ்கேன் சென்டர், நகை அடகுக் கடை என்று எல்லாம் கல்யாண வீடு மாதிரி மின்னத் தொடங்கியபோதுதான் நான் துருகம் ரோட்டில் ஒரு போர்டு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் நான். படித்ததில் கடைக்குப் பயன்பட்டது, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போடத் தெரிந்தது மட்டும்தான். கடை முதலாளியை எல்லோரும் அண்ணா என்போம். அவர் பெயரை எழுதவா என்று கேட்டேன். "வாணாம்மா. ஊர்ல எந்த போர்டு வுழுந்தாலும் எம் பேரத்தான் சொல்லுவானுங்க" என்றார். எனவே அண்ணா.

அண்ணாவின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. போர்டை மாட்டி முடித்ததும், மாட்டியவர் அதற்கு நேர் கீழே நின்று ஒரு டீ குடிக்க வேண்டும். கண்ணாடி கிளாஸில், சூடாக, ஊதி ஊதி, கடைசிச் சொட்டு வரை. குடிக்கும்போது மேலே பார்க்கக் கூடாது. குடித்து முடித்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. இதை எதற்காக ஆரம்பித்தார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வாடிக்கையாளருக்கு நம்பிக்கை வருவதற்காக என்பார் அண்ணா. "வேற எப்பவும் இந்த ஆளு டீ வாங்கிக் குடுத்தது கெடயாது. அதான் மேட்டரு" என்பார் ஏழுமலை அண்ணன்.

ஏழுமலைதான் எங்கள் கடையின் ஃபிட்டர். நைனார்பாளையத்துக்காரர். ஏணியில் ஏறினால் இறங்கும் வரை பேசிக்கொண்டே இருப்பார். ஒருமுறை சின்னசேலத்தில் ஒரு செல்போன் கடைக்கு போர்டு மாட்டிவிட்டுக் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். டங் என்று ஒரு சத்தம். கிளாஸுக்குள் ஒரு ஸ்க்ரூ. அவர் மேலே பார்க்கவில்லை. மிச்ச டீயையும் குடித்து முடித்து, ஸ்க்ரூவை விரலால் எடுத்துச் சட்டையில் துடைத்து, "நம்மளுதுதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஏணியில் ஏறினார். அவ்வளவு நிதானமான மனிதர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி என்னைப் பற்றி. பையன் பிறந்து சில மாதங்களில் வேலைக்குத் திரும்பினேன். கடையின் பின்பக்கம் அக்ரிலிக் ஷீட் அடுக்கும் ஸ்டாண்டில் சேலையால் ஏணை கட்டி அவனைப் போட்டிருந்தேன். முடிச்சைப் போடுவேன். இழுத்துப் பார்ப்பேன். என் முழங்கையை உள்ளே வைத்து அழுத்திப் பார்ப்பேன். அவிழ்த்து மறுபடி போடுவேன். "நீ முடிச்சு போட்டு முடிக்கறதுக்குள்ள அவன் ஸ்கூலுக்குப் போயிடுவான்" என்பார் ஏழுமலை.

வீட்டில் கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பும் ஜாதி நான். கடையிலும் அப்படித்தான். ஒருமுறை சங்கராபுரத்தில் ஒரு ஸ்வீட் கடை போர்டில் ஒயரை டேப் சுற்றாமல் விட்டுவிட்டார்களோ என்று சந்தேகம் வந்து, பாதி தூரம் திரும்பிவிட்ட ஆட்களைப் போன் போட்டு மறுபடி ஏணியில் ஏற்றினேன். டேப் சுற்றித்தான் இருந்தது. இரண்டு சுற்றாகவே இருந்தது. அதன் பிறகு "எனக்கு ஒரு சந்தேகம்" என்று நான் வாயைத் திறந்தாலே ஆளாளுக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராகிவிடுவார்கள்.

இந்த நிலைமையில்தான் சேவல் திரும்பி வந்தது.

பழைய ஓட்டல்காரரின் மகன் அதே இடத்தில் புதுக் கட்டடம் கட்டினார். பழைய சேவலை மறுபடி எரிய வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். குழாய்களில் மறுபடி வாயு அடைக்கச் சென்னையில் ஓர் ஆளைத் தேடிப் பிடித்தோம். அண்ணா குழாய்களைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். "இன்னாங்க அது, புள்ளையா?" என்று கேட்ட கண்டக்டரிடம் "சேவலோட தல" என்றாராம். 

குழாய் எரிந்தது. பிரச்சினை எரிவதில் இல்லை, கனத்தில். அந்தக் காலத்து இரும்புச் சட்டம், அதோடு சேர்ந்த பழைய டிரான்ஸ்பார்மர். இரண்டு ஆள் சேர்ந்துதான் தூக்க முடியும். புதுக் கட்டடத்துக்கோ முகப்பு முழுக்கப் பளபளவென்று ஷீட் அடித்திருந்தார்கள். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். அது சுவர் இல்லை. சுவருக்கு முன்னால் இரும்புக் குழாயில் சட்டம் அடித்து, அதன்மேல் ஒட்டிய சட்டை. கனமான போர்டு என்றால் நீளமான போல்ட் போட்டு, சட்டையைத் தாண்டி உள்ளே இருக்கும் காங்கிரீட்டில் பிடிக்க வேண்டும். வெறும் இரும்புக் குழாயில் பிடித்தால் கனம் தாங்காது, ஆனால் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஷீட்டைக் கழற்றினால்தான் தெரியும்.

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலரை மணிக்கு ராகுகாலம். அதற்குள் விளக்கைப் போட்டுவிட வேண்டும். பட்டப்பகல் வெயிலில் நியான் எரிவது மனிதர் கண்ணுக்குத் தெரியாது. ராகுவுக்குத் தெரிந்தால் போதும். இன்னொரு விஷயமும் உண்டு. விளக்கைப் போட்டு, போர்டுக்குக் கீழே பூசணிக்காய் உடைத்துவிட்டால் அப்புறம் அதை இறக்க நம் பக்கத்தில் எந்தக் கடைக்காரரும் சம்மதிக்க மாட்டார். வைத்த விளக்கை இறக்கினால் வியாபாரம் இறங்கிவிடும் என்பார்கள். எனவே எது சொல்வதாக இருந்தாலும் பூசணிக்காய்க்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.

வெளியே போர்டு மாட்டப் போனால் பையனை மாமியாரிடம் விட்டுவிடுவேன். அன்று அவர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் அவனும் என்னோடு இருந்தான். ஏழுமலை துளை போட்ட நேரத்தில் நான் ஓட்டலின் ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது சேவல் மேலே இருந்தது. சாமந்தி மாலைகூடப் போட்டுவிட்டார்கள்.

"காங்கிரீட்ல புடிச்சிருக்கா அண்ணா?" என்று ஏழுமலையிடம் கேட்டேன்.

"புடிச்சிருக்குது."

"எல்லா போல்ட்டுமா?"

"புடிச்ச வரிக்கும் புடிச்சிருக்குது. உனுக்கு இன்னா இப்ப, மேல ஏறிப் பாக்கணுமா? புள்ளைய என்கிட்ட குடு, ஏறு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது டீ வந்தது. ஏழுமலை கிளாஸை வாங்கினார். வாங்கிக்கொண்டு சேவலுக்கு நேர் கீழே நிற்காமல், இரண்டு எட்டு தள்ளி, பஸ் ஸ்டாப் கம்பத்தின் பக்கமாக நின்றார். மடக் மடக்கென்று குடித்தார். ஊதவே இல்லை. கிளாஸை வைத்துவிட்டுச் சாமான்களை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார்.

யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவள் நான் ஒருத்திதான், ஒயரில் டேப் இருக்கிறதா என்று ஆட்களைத் திருப்பிக் கூப்பிட்டவள்.

சேவலுக்குக் கீழே மலைக்குப் போகும் ஜனங்கள் பஸ்ஸுக்கு நின்றார்கள். பஸ்ஸுக்கு மட்டுமல்ல, திறப்பு விழாக் கேசரிக்கும். என் வயதுப் பெண் ஒருத்தி கோணிப்பையை விரித்து, என் பையன் அளவில் ஒரு குழந்தையை அதில் உட்கார வைத்திருந்தாள்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் உக்காருங்களேன்" என்றேன்.

"ஏங்கா? நெழலு இங்கதான இருக்குது." அவள் மேலே பார்த்தாள். "இந்தக் கோழி எப்பக்கா எரியும்?"

கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு மணி தாண்டியிருந்தது. அண்ணா ஓட்டல்காரரோடு உள்ளே பேசிக்கொண்டிருந்தார். போய் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம்."

"ஐயோ" என்றார் அண்ணா.

"லைட் போட வேண்டாம். ஒரு ஷீட்டைக் கழட்டிப் பார்த்துடலாம்."

ஓட்டல்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாம்மா பேசற? மால போட்டாச்சு, ஜனம் வந்தாச்சு, இப்ப வந்து செவுத்த அவுக்கணும்ங்கற? ஷீட்டுல ஒரு கீறலு வுழட்டும், அப்புறம் தெரியும்."

அண்ணா என்னைத் தனியாகக் கூட்டிப் போனார். "கண்ணால இன்னா பாத்த?"

"டீ."

"டீயா?"

"ஏழுமலை அண்ணன் நேர் கீழ நிக்கல. வேகமா குடிச்சாரு. ஊதல."

சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. நான்கு வருடம் பொறியியல் படித்தவள் சொல்லும் காரணமா இது? என் இடுப்பில் பையன் அண்ணாவின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்க முயன்றுகொண்டிருந்தான். அண்ணா சிரிக்கவில்லை. நேராக ஏழுமலையிடம் போனார். ஒரு டீ சொன்னார். கிளாஸை அவரிடம் நீட்டினார்.

"இந்தா. கீழ நின்னு குடி."

"அதான் குடிச்சேனே ணா."

"இன்னொண்ணு குடி."

"ஜாஸ்தி குடிச்சா பித்தம்."

"பித்தத்துக்கு நான் மருந்து வாங்கித் தரேன். குடி."

ஏழுமலை என்னைப் பார்த்தார். பிறகு அண்ணாவைப் பார்த்தார். "இத்தன வருசத்துல ரெண்டாவது டீ எவனாவது குடிச்சிருக்கானா? எம் மேல நம்பிக்க இல்லன்னு சொல்லு, போறேன். டீயில இன்னா இருக்குது?"

"அது இன்னாவோ. நீ குடி."

"குடிக்க மாட்டேன்."

 அண்ணா அந்த டீயைத் தானே குடித்தார், கம்பத்துப் பக்கம் நின்று. "கயிறு கட்டு. சேவல எறக்கறோம்" என்றார்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓட்டல்காரர் கத்தினார். அவர் மாமனார் அவரைவிட அதிகமாகக் கத்தினார். ராகுகாலம் பிறந்தது. மாலையோடு சேவலை இறக்கினோம். மலை ஜனங்கள் கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார்கள். போல்ட்டுகளைக் கழற்றும்போது ஏழுமலை ஒவ்வொன்றையும் என் பக்கம் காட்டிக் காட்டிப் போட்டார். "பாரு தங்கச்சி. கழட்டவே கை வலிக்குது. இதுவா வுழும்?" போல்ட்டுகள் நீளமாகத்தான் இருந்தன. காங்கிரீட்டைத் தொட்டதற்கு அடையாளமாக முனையில் சிமெண்டுத் தூள் இருந்ததா, இல்லையா? எனக்கு இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. துளை வழியாகப் பார்த்தால் இருட்டு. ஷீட்டைக் கழற்ற ஓட்டல்காரர் கடைசி வரை விடவில்லை.

மறுநாளிலிருந்து ஏழுமலை வேலைக்கு வரவில்லை. வேறொரு போர்டு கடையில் சேர்ந்துவிட்டார். ஓட்டல்காரரும் அந்தக் கடைக்கே போனார். அடுத்த நல்ல நாளில் அதே சேவலை, அதே இடத்தில், அதே ஏழுமலை மாட்டினார். பூசணிக்காயும் உடைத்துவிட்டார்கள். அந்தக் கடையில் டீ வழக்கம் கிடையாது.

அண்ணாவிடம் கேட்டேன், நான் செய்தது சரியா என்று. "எனுக்கு எப்பிடித் தெரியும்? வுழுந்திருந்தா சரின்னு சொல்லியிருப்பேன். அத வுழறதுக்குத்தான் நாம வுடலையே. எனுக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அவன் ரெண்டாவது டீ குடிக்கல."

புதிதாக வந்திருக்கிறவர்களே, இதிலிருந்து ஒரு பாடம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். சந்தேகம் வந்தால் நிறுத்துங்கள் என்று சொல்லலாம். நான் சந்தேகப்படாத நாளே கிடையாது என்பதால் அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. தவறு நடந்தால் எல்லோருக்கும் தெரிகிறது. நடக்காமல் தடுத்தால், தடுத்தோமா அல்லது சும்மா ஒரு நல்ல வேலைக்காரரை அவமானப்படுத்தினோமா என்பதற்குச் சாட்சியே கிடையாது. இந்தத் தொழிலில் அதைத் தாங்கிக்கொள்ள முடிந்தவர்கள் இருங்கள். நான் பிறகு வேலையை விட்டேன். இதனால் அல்ல, மாமியாருக்கு முழங்கால் வலி, பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். என்னிடமும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. காரணம் என் பையன் சாப்பிட மாட்டான்.

நிலாவைக் காட்டினால் கொட்டாவி விடுகிறான். நாயைக் காட்டினால் நாய்க்கு ஊட்டச் சொல்கிறான். அவன் வாயைத் திறப்பது ஒன்றுக்குத்தான். சாயங்காலமானால் கிண்ணத்தில் பருப்புச் சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் ரோட்டுக்குப் போக வேண்டும். சேவல் தலையை நிமிர்த்தும்போது ஒரு வாய், குனியும்போது ஒரு வாய். எதிர்ச்சாரியில் ஒரு பாத்திரக் கடை வாசலில் நின்றுதான் ஊட்டுவேன். அவனுக்கோ அந்தப் பக்கம் போய், நேர் கீழே நின்று, அண்ணாந்து பார்க்க வேண்டும். தினமும் இழுப்பான். தினமும் பிடித்துக்கொள்வேன். இரண்டு வருடத்துக்கு மேலாகச் சேவல் எரிகிறது. காற்றடித்திருக்கிறது, ஐப்பசி மழை அடித்திருக்கிறது. விழவில்லை. கீழே பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள்.

ஓட்டல்காரரிடம் ஒருமுறை போய், ஒரே ஒரு ஷீட்டைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். பிரியாணி சாப்பிட வந்தவள் என்று நினைத்து முதலில் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க இன்னும் அந்த டீய மறக்கலையாம்மா? எரியிற வெளக்க எவனாவது கழட்டுவானா?" என்றார். அண்ணாவையும் கேட்டேன். "அடுத்தவன் மாட்டுன போர்டு. நான் போயிச் சொன்னா பொறாமைம்பான்" என்று கையை விரித்தார்.

போன வாரம் ஒரு நாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் அவன் வாயைத் துடைக்கக் குனிந்தேன். கையை உதறிவிட்டு ஓடிவிட்டான். நான் நிமிர்வதற்குள் ரோட்டைத் தாண்டி, சேவலுக்கு நேர் கீழே நின்று, இரண்டு கையையும் தூக்கி "கொக்கோ" என்று கத்துகிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அவன் திரும்பவில்லை. அப்போது ஸ்டாப்பிங்கில் மொபெட்டை நிறுத்திவிட்டு யாரோ ஒருவர் விறுவிறுவென்று போய் அவனை அள்ளித் தூக்கினார். தூக்கியவர் அங்கேயே நிற்கவில்லை. நான் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. ரோட்டைக் கடந்து என்னிடமே கொண்டுவந்து இறக்கினார்.

ஏழுமலை அண்ணன்.

"கையப் புடிச்சிக்க தங்கச்சி. வண்டி ஜாஸ்தி வர்ற ரோடு."

வண்டி வந்ததா? அந்த நேரத்தில் ரோடு காலியாக இருந்ததாகத்தான் ஞாபகம். ஆனால் என் ஞாபகத்தை நான் நம்புவதில்லை.

"நல்லா இருக்கீங்களா அண்ணா?"

"இருக்கறேன். இவனா அந்த ஏணையில கெடந்தவன்? பரவால்லியே, நீ முடிச்சு போட்டு முடிச்சுட்டியா?"

பழைய சிரிப்பு. கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை.  காங்கிரீட்டில் பிடித்தாரா என்று நேராகக் கேட்க வாய் வரவில்லை. டீக்கடையைக் காட்டினேன்.

"ஒரு டீ சாப்பிடலாமா அண்ணா? அங்க, ஸ்டாப்பிங்ல நின்னு?"

அவர் எதிரே பார்த்தார். சேவல் குனிந்தது, நிமிர்ந்தது. அவர் முகத்திலும் சிவப்பு வந்து வந்து போனது.

"சுகரு வந்துடிச்சி தங்கச்சி" என்றார். "டீயே வுட்டுட்டேன்."

பையனின் கன்னத்தில் தட்டிவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். என் பிள்ளையை அவர் தூக்கிக்கொண்டு வந்தது ரோட்டுக்காகவா, சேவலுக்காகவா? அவர் வீட்டுக்கே போய் நேராகக் கேட்கலாம். அவர் சரியாக மாட்டியிருந்தால், ஒரே மனிதரை இரண்டாவது முறை அவமானப்படுத்தியவள் ஆவேன். கேட்காமல் இருந்தால், கோணிப்பையை விரித்துப் பிள்ளையை உட்கார வைக்கிறவர்கள் தினமும் அங்கே வருகிறார்கள். அவரை நோகடிக்காமல், ஓட்டல்காரரின் ஷீட்டைக் கழற்ற வைக்க வழி தெரிந்தவர்கள் யாராவது உங்களில் இருப்பீர்கள். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்குப் பழைய சண்டை எதுவும் கிடையாது. நீங்கள் போய்க் கேட்டால் ஓட்டல்காரர் பொறாமை என்று சொல்ல முடியாது. என்ன சொல்லிக் கேட்பது, யாரை முன்னால் வைத்துக் கேட்பது என்று எனக்கு எழுதுங்கள்.

சீக்கிரம் எழுதுங்கள். பையன் இப்போதெல்லாம் என்னைவிட வேகமாக ஓடுகிறான்.